சாட்சியும் காமிராவும்: இரண்டு ஆவணப்படங்களை முன்வைத்து

மூங்கில்துறைப்பட்டில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி 'ராமையாவின் குடிசை'யைப் போட்டோம். இருபது பேர் இருப்போம். கரும்பு வெட்ட கல்வராயன் மலையிலிருந்து இறங்கியிருந்தவர்களும் இதில் அடக்கம். நடுவில் கரண்ட் போயிற்று. யாரும் எழுந்து போகவில்லை. வரலாற்றுப் படம் என்றாலே கோட்டை, கல்வெட்டு, கம்பீரமான பின்னணிக் குரல் என்று பழகிப்போன நமக்கு இது வேறொரு வகைப் பிரதி.

பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் எடுத்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்ததைப் பற்றியது. அன்று அங்கே காமிரா இல்லை. பிறகு வந்தது நீதிமன்றம். கார் வைத்திருக்கிற மிராசுதார்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்கிற தர்க்கத்தில் 1973இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆக, தீர்ப்பு ஆவணமாகிவிட்டது. எரிந்தவர்களின் உறவுகள் சொன்னது வெறும் 'நினைவு' என்றாகிவிட்டது. 37 ஆண்டுகள் கழித்து உயிர்தப்பியவர்களை உட்காரவைத்துப் பேசவிடும்போது படம் கலைத்துப்போடுவது இந்தப் படிநிலையைத்தான். எது ஆவணம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருடையது என்கிற கேள்வி அங்கே எழுந்துவிடுகிறது.

எனக்கு விலகலும் உண்டு. வெண்மணி கூலிப் பிரச்சினையா, சாதிப் பிரச்சினையா என்கிற விவாதம் இன்னும் தீரவில்லை. படம் முதலாவதன் பக்கம் சாய்வதாகவே நான் வாசிக்கிறேன். எரிந்த 44 பேரும் தலித்துகள் என்பது தற்செயலல்லவே.

ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' எதிர்த்திசையிலிருந்து வருகிறது. 1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்ட, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். இங்கே காமிரா இருந்தது. தண்ணீருக்குள் நிற்பவர்கள்மேல் தடி விழுவதைப் பார்க்கிறோம். அப்படியும் விசாரணைக் கமிஷன், பெரும்பாலோர் மூழ்கிச் செத்ததாகவே சொன்னது. காட்சி இருந்தால் உண்மை நின்றுவிடும் என்கிற நம்பிக்கை இந்த இடத்தில் உடைந்துபோகிறது. படம் முடிந்தபின் எனக்கு மிஞ்சியது கோபமல்ல, ஒருவிதக் கூச்சம்: இத்தனையும் பார்த்தாயிற்று, அப்புறம்?

கல்வராயன் மலைக்கு வருவோம். மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை அது. நாடு விடுதலையடைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அந்த ஆட்சி முடிவுக்கு வந்தது. அந்தக் காலத்தை அனுபவித்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தபோது காமிராக்கள் மலைக்கும் ஏறின. ஊறல் பானைகளைத் தேடின. காமிராவுக்கு மலையாளி என்றால் சாராயம் காய்ச்சுகிறவன். அதற்கு முந்தைய வரலாறு அவனுக்கு இல்லை.

படம் முடிந்து வேட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தோம். மலைக்காரப் பெரியவர் ஒருவர் கிட்டே வந்தார். "ஏன் சார், செத்தவங்களப் பத்தித்தான் எடுப்பீங்களா? எங்கப்பன்கூட நானும் வெட்டி வேலைக்குப் போயிருக்கேன். காசு கெடையாது, சோறுகூட ஊட்லருந்து கட்டிக்கினு போவணும். அத யாரு கேட்டா?"

நண்பர் செல்போனை எடுத்தார். "இப்ப வேணாம்," என்றார் பெரியவர். "காலையில வெட்டு இருக்குது. ஞாயித்துக்கெழமை மேல வாங்க."

இந்த ஞாயிறு போகிறோம்.