வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு மேல் ஒரு தீவு

இலங்கையில் தன்னார்வலராக என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், "கண்டிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அடுத்த மூச்சிலேயே சனி ஞாயிறுக் கதைக்குத் தாவிவிடுவேன். அதற்கப்புறம் என்னை நிறுத்த முடியாது. வீட்டில் எல்லோரும் கேட்டு அலுத்துவிட்டார்கள். இப்போது நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள், திமிங்கிலம் வரைக்குமாவது இருங்கள்!

முதலில் ஒரு கணக்கு. தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். இலங்கை 65,610. சரியாகப் பாதி! அந்தப் பாதிக்குள் மூடுபனி தவழும் மலை இருக்கிறது, யானைக் காடு இருக்கிறது, ஆயிரத்தைந்நூறு வருஷத்துப் பாறைக் கோட்டை இருக்கிறது, கரையிலிருந்து படகில் போனால் நீலத்திமிங்கிலம் இருக்கிறது. எதை எடுத்தாலும் ஒரு சனி ஞாயிறுக்குள் போய்த் திரும்பிவிடலாம். வாரத்தில் ஐந்து நாள் வேலை, இரண்டு நாள் விடுமுறை என்று இருக்கும் தன்னார்வலருக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் ஒரு நாட்டைச் செய்து கொடுத்திருக்க முடியாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். வாதாட வேண்டாம், தோற்றுப்போவீர்கள்.

அங்கே பள்ளிக்கூடம் காலை ஏழரைக்குத் தொடங்கி மதியம் ஒன்றரைக்கு விட்டுவிடும். வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி அடித்தால் பிள்ளைகளுக்கு முன்னால் நான் வாசலில் நிற்பேன், வெட்கமே கிடையாது. ஜெர்மனி, ஹாலந்து, ஆஸ்திரேலியா என்று எங்கெங்கிருந்தோ வந்த மற்ற தன்னார்வலர்களும் முதுகுப் பையோடு கண்டி பஸ் நிலையத்தில் வந்து சேர்வார்கள். கையில் மாலுபாண் என்கிற மீன் பன்னும் முட்டை ரோல்ஸும். பஸ்ஸுக்குள் சிங்களப் பாட்டு காதைக் கிழிக்கும், டிரைவர் வளைவில் முந்துகிற அழகைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். குறை என்று சொல்ல வேண்டுமென்றால் அது ஒன்றுதான், அதையும் இரண்டாவது வாரத்தில் ரசிக்கத் தொடங்கிவிட்டோம்.

சீகிரியாவைக் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். தட்டையான காட்டுக்கு நடுவே, அக்கம்பக்கம் துணைக்கு ஒரு மலைத்தொடர்கூட இல்லாமல், ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைப் பாறை. அதன் உச்சியில் அரண்மனை! ஐந்தாம் நூற்றாண்டில் தகப்பனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன், தென்னிந்தியாவுக்குத் தப்பிப்போன தம்பி மொகல்லானன் என்றைக்காவது படையோடு திரும்புவான் என்று பயந்து அங்கே ஏறி உட்கார்ந்தானாம். பயத்தில் கட்டியவன் குளமும் நீரூற்றும் பூந்தோட்டமும் வைத்துக் கட்டியிருக்கிறான் பாருங்கள், அந்த ரசனைக்கே கும்பிடு போடலாம். நட்டநடுப் பாறையில் ஓவியப் பெண்கள், அவர்களுக்குக் கீழே, கண்ணாடிபோல மெருகேற்றியிருந்ததால் 'கண்ணாடிச் சுவர்' என்று பெயர் வாங்கிய சுவர். அந்தச் சுவரில்தான் நான் உருகிப்போனேன். ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் ஊர் சுற்ற வந்தவர்கள் ஓவியத்தைப் பார்த்துக் கிறங்கி, அங்கேயே கவிதை கீறி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தொல்லியல் அறிஞர் பரணவிதான அதில் 685 பாட்டுகளைப் படித்தறிந்து 1956-இல் புத்தகமாகவே வெளியிட்டார். அப்படியென்றால் என்ன அர்த்தம்? வாய் ஓயாத சுற்றுலா ரசிகர்களுக்கு அத்தனை பழைய பரம்பரை உண்டு என்று அர்த்தம்! அவர்களெல்லாம் என் முப்பாட்டன்மார். இப்போது சுவரைத் தொடவே விடுவதில்லை, அதனால்தான் காகிதத்தில் எழுதி உங்களைப் படுத்துகிறேன். மேலே ஏறினால் சிங்கத்தின் இரண்டு பாதங்கள் மட்டும் மிச்சம். ஒரு காலத்தில் அதன் வாய்க்குள் புகுந்துதான் அரண்மனைக்குப் போக வேண்டுமாம். அந்த நகங்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொல்லி நான் அடம்பிடித்ததில் பின்னால் வரிசையே நின்றுபோனது. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் கொஞ்சம் கடிக்கும்தான். கடிக்கட்டுமே!

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மின்னேரியா. மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் வெட்டிய குளம். வறண்ட மாதங்களில் தண்ணீர் வற்ற வற்ற, காலியான படுகையில் பச்சைப் புல் முளைக்கும். அதைத் தேடிச் சுற்றுவட்டக் காட்டு யானைகளெல்லாம் திரளும். நாங்கள் போனது செப்டம்பரில். ஜீப் மேட்டில் ஏறி நின்றதும் ஹாலந்துப் பெண் எண்ணத் தொடங்கினாள், ஐம்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். தாயின் நான்கு கால்களுக்கு நடுவே நின்றுகொண்டு ஒரு குட்டி, தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் அதைத் தானே மிதித்துக்கொண்டது. நான் சத்தம் போட்டுச் சிரிக்க, டிரைவர் "ஷ்ஷ்" என்றார். ஜீப்பிலேயே வயதில் மூத்தவன் நான்தான்.

ரயிலுக்கு வருவோமா? கண்டியிலிருந்து எல்ல போகிற மலை ரயில். ஏறக்குறைய ஏழு மணி நேரம், ஒரு நிமிஷம்கூட உட்கார மனசு வராது. திறந்த கதவில் காலைத் தொங்கப் போட்டுக்கொள்ள ஆசை பொங்கும், வேண்டாம், பாறை சட்டென்று நெருங்கி வரும். கம்பியைப் பிடித்து நின்றாலே போதும், யூகலிப்டஸ் வாசம் முகத்தில் அடிக்கும். ஹட்டன் தாண்டினால் கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை. சுரங்கம் வந்தால் போதும், பெட்டி முழுக்கச் சின்னப் பிள்ளைகளிலிருந்து பெரியவர்கள் வரை "ஊஊ" என்று கூவுவார்கள், என் குரல்தான் எல்லாவற்றிலும் உரக்க. கூடையோடு ஏறிய வடைக்காரர் நான் பேசியதைக் கேட்டுவிட்டு, "தம்பி எந்த ஊரு?" என்றார். திருச்சி என்றதும் கூடையை இறக்கிவைத்துவிட்டார். "எங்க தாத்தாவோட அப்பா அந்தப் பக்கந்தான், தோட்டத்து வேலைக்கு வந்தாரு." காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் போன லட்சக்கணக்கானவர்களின் வரலாறு, சுடச்சுட இரண்டு பருப்பு வடையோடு என் கையில்! காசு வாங்க மறுத்தவரிடம் கெஞ்சிக் கொடுத்தேன். அந்த வடையைச் சுற்றியிருந்த காகிதத்தைச் சொல்லாமல் விட முடியாது: ஏதோ ஒரு பிள்ளையின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி. பெருக்கல் கணக்கு, சிவப்பு மையில் சரி போட்டிருந்தது, ஒன்றுக்கு மட்டும் தப்பு, அந்தத் தப்பின் மேல் எண்ணெய் பரவிக்கொண்டிருந்தது. வாத்தியாராக இருந்ததால் தின்றுகொண்டே அந்தக் கணக்கைத் திருத்தினேன். அடுத்து பட்டிப்பொளை, நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். அதைத் தாண்டிய சுரங்கத்துக்குள் மழையோடு நுழைந்து வெயிலில் வெளியே வந்தோம். அது தற்செயல் இல்லையாம், இரண்டு பருவமழைகளும் பிரிகிற முகடே அங்கேதான். எல்லயில் இறங்கி, தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்துக்கு ஓடினோம். 1921-இல் இரும்புச் சட்டமே இல்லாமல் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டியது. நீல ரயில் அதன் மேல் வளைந்து வந்தபோது தெரியாத ஒருவரைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அவரும் திருப்பிக் கட்டிக்கொண்டார்.

சரி, திமிங்கிலம். மிரிஸ்ஸவில் விடிந்ததும் படகு. பாதிப் பேருக்குக் குமட்டல், இஞ்சி பிஸ்கட் கைமாறிக்கொண்டிருக்கிறது, எனக்கும் வயிறு சரியில்லை. தெவுந்தர முனைக்குத் தெற்கே கடல் சட்டென்று ஆழமாகிவிடும், அதனால்தான் உலகத்திலேயே பெரிய விலங்கு கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வருகிறது. "அங்கே!" என்றார் படகுக்காரர். ஒரு லாரி ஏர் பிரேக் விடுகிற சத்தம், ஒரு தண்ணீர்த் தூண், பிறகு முதுகு. முதுகு வருகிறது, வருகிறது, இன்னும் வருகிறது, முடியவே மாட்டேன் என்கிறது, வால் எப்போது வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அப்புறம்தான் கடைசியில் அந்த வால் தண்ணீர் சொட்டச் சொட்ட மேலெழுந்து, நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல் உள்ளே போனது. குமட்டல் போன இடம் தெரியவில்லை. சுற்றி நாலைந்து படகுகள் நெருக்கியடித்தது உண்மைதான், கொஞ்சம் தள்ளி நின்றிருக்கலாம். திங்கள்கிழமை வகுப்பில் பிள்ளைகள் வழக்கம்போலக் கேட்டார்கள்: "டீச்சர், வேர் டிட் யூ கோ?" இறந்த காலம் சொல்லிக்கொடுக்க வார இறுதியை விட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. போர்டில் வரையப் போனேன், போர்டு போதவில்லை. எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போய், சுவரிலிருந்து பெரிய எட்டாக இருபது எட்டுக்கும் மேல் நடந்து ஒரு கல்லை வைத்தேன். அதுதான் நீளம். முழு வகுப்பும் கைகோத்து நின்றது, அப்படியும் வால் பக்கம் ஆள் குறைந்தது. பக்கத்து வகுப்பிலிருந்து கடன் வாங்கினோம்!

இப்போது சிகரம். சிவனொளிபாதமலை, 2,243 மீட்டர். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை யாத்திரைக் காலம். உச்சியில் இருக்கும் பாதச் சுவடு பௌத்தருக்குப் புத்தருடையது, சைவருக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்கள் பலருக்கும் ஆதாமுடையது. யாரும் யாரிடமும் சண்டை போடாமல் ஒரே படியில் ஏறுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு நல்லதண்ணியிலிருந்து கிளம்பினோம். தலைக்கு மேல் நிமிர்ந்து பாருங்கள்: இருட்டில் விளக்கு வரிசை ஒன்று வானத்துக்குள் ஏறிப் போகிறது, அதில் எது விளக்கு எது நட்சத்திரம் என்று தெரியாது. ஐயாயிரத்துக்கும் மேல் படிகள். வழியெல்லாம் இஞ்சித் தேநீர்க் கடைகள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் என்னைத் தாண்டிப் போகிறார், எண்பது வயதுப் பாட்டி இரண்டு பேரன்களின் தோளில் கைவைத்து என்னைத் தாண்டிப் போகிறார், நான் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் நுரையீரலோடு பேச்சுவார்த்தை நடத்துகிறேன். முதல் தடவை ஏறுகிறவர்களைக் 'கோடுகாரயா' என்று கேலி செய்வார்கள். என் நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். நடுவழியில் ஓரிடத்தில் யாத்திரிகர்கள் ஊசியும் நூலும் காணிக்கை வைத்து, நூலைப் பிரித்துவிட்டுக்கொண்டே போகிறார்கள், அந்த வெள்ளை நூல்கள் கைப்பிடிக் கம்பி நெடுக. உச்சியில் நடுங்கும் குளிர், கூட்டத்தில் ஒருவர் தோளில் ஒருவர், கிழக்கே ஒரு சிவப்புக் கீறல், மேளம் முழங்க, சூரியன் சட்டென்று துள்ளி மேலே வர, "சாது! சாது!" என்று ஒரு பக்கம், "அரோகரா!" என்று இன்னொரு பக்கம், நான் எதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, இரண்டையும் சொல்லியிருப்பேன், கண்ணில் தண்ணீர் வேறு, குளிரால்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சத்தியம் செய்தேன், அதற்குள் யாரோ முதுகில் தட்டி மேற்கே திருப்பினால், அடேயப்பா, மலையின் நிழல் கச்சிதமான முக்கோணமாக மேகத்தின் மேல் மைல் கணக்கில் விழுந்து கிடக்கிறது! அங்கே ஒரு மணி உண்டு. எத்தனை தடவை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை அடிக்கலாம். எனக்கு முன்னால் அந்த எண்பது வயதுப் பாட்டி அடிக்க, அடிக்க, நான் எண்ண, எண்ண, இருபதைத் தாண்டிவிட்டார். என் முறை வந்தது. ஒரே ஒரு அடி. ஆனால் மலையடிவாரம் வரை கேட்கிற மாதிரி அடித்தேன்.

போகத் தோன்றிவிட்டதா? அப்படியென்றால் முதலில் பாஸ்போர்ட்டைத் தேடாதீர்கள், பௌர்ணமி எந்தக் கிழமை என்று பாருங்கள். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை. போயா தினம் என்பார்கள். அது வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் சனி ஞாயிறோடு சேர்த்து மூன்று முழு நாள்! மாதாமாதம் நிலா பார்த்து லீவு தரும் நாட்டில் தன்னார்வலராக இருப்பதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும். எந்த மாதத்தில் போயா திங்கட்கிழமை வருகிறதென்று சொல்லுங்கள், நானும் வருகிறேன்.