'லைசிஸ்' உரையாடலில் 'ஃபிலோஸ்': பொருள் மயக்கமும் பெயர்ப்பும்

பண்டைக் கிரேக்க மெய்யியலில் அன்பின் இயல்பை ஆராய முற்படுவோர் பெரும்பாலும் பிளேட்டோவின் 'சிம்போசிய'த்தையே முதன்மைச் சான்றாகக் கொள்வர். 'லைசிஸ்' அந்த அளவிற்குப் போற்றப்படுவதில்லை. சாக்ரடீஸ் இரு சிறுவரோடு ஃபிலியாவைப் பற்றி உரையாடி, முடிவேதும் எட்டாமல் பிரியும் இச்சிறு நூலை வெற்றி பெறாத படைப்பென்றே கத்ரி 1975இல் மதிப்பிட்டார். சாக்ரடீஸ் இதில் சொல்லை வைத்து விளையாடுகிறார் என்பது பொதுவான குற்றச்சாட்டு. அக்குற்றச்சாட்டு மொழியியல் நோக்கில் மறு ஆய்வுக்குரியது.

ஒருவன் மற்றொருவனிடம் அன்பு கொண்டால் இருவருள் எவன் 'ஃபிலோஸ்' ஆகிறான் என்று சாக்ரடீஸ் மெனெக்செனஸிடம் வினவுகிறார். வேறுபாடில்லை என்பது சிறுவனின் முதல் விடை. அன்பு இருபுறமும் இருத்தல் வேண்டும் எனின், மதுவை விரும்புவோனும் குதிரையை விரும்புவோனும் என்னாவர்? மது எவரையும் திரும்ப நேசிப்பதில்லை. அன்பு செய்யப்படுவோனே ஃபிலோஸ் எனின், ஒருவன் தான் வெறுப்பவனுக்கும் ஃபிலோஸ் ஆகிவிடுவான். அன்பு செய்வோனே எனினும் இதே இடர் மறுதலையாக வரும்.

இம்மயக்கம் சாக்ரடீஸ் புனைந்ததன்று. கிரேக்க மொழியிலேயே உள்ளது. ஃபிலோஸ் பெயரடையாக நிற்கையில் பெரிதும் 'அன்புக்குரிய' என்னும் செயப்பாட்டுப் பொருள் தரும். 'ஃபிலோசோஃபோஸ்' போன்ற தொகைகளில் அதன் முன்னுறுப்பு செய்வினைப் பொருளது. தனிப்பெயராகும்போது இருவழி உறவைச் சுட்டும். தமிழில் இதனை 'நண்பன்' எனப் பெயர்த்தால் மூன்றாம் பொருள் மட்டுமே எஞ்சும். வினாவே பொருளற்றதாகத் தோன்றும். பெயர்ப்பின் குறை மூலநூலின் குறையாகக் கருதப்படும்.

பழந்தமிழில் 'காதலன்' மகனையும் தோழனையும் குறித்தது. அன்பு செய்யப்படுவோன் என்னும் பொருள் அங்கே உயிர்ப்புடன் இருந்தது. இன்றைய வழக்கில் அச்சொல்லின் பொருள் சுருங்கிவிட்டமையால் அது உதவாது. பேச்சு வழக்கிலுள்ள 'வேண்டியவன்' கருதத்தக்கது. 'எனக்கு வேண்டியவன்' என்பது அன்புக்குரியவனையும், 'என்னை வேண்டியவன்' என்பது விரும்பியவனையும் சுட்டும். வேற்றுமை உருபை நீக்கினால் மயக்கம் மீளும். எதிர்ச்சொல்லாகிய 'வேண்டாதவன்', பகைவனைக் குறிக்கும் 'எக்த்ரோஸ்' என்பதற்கு ஏறத்தாழ ஈடாகும். உரையாடலின் பிற்பகுதியில் ஃபிலியாவின் காரணம் விருப்பமே எனச் சாக்ரடீஸ் முன்மொழிவதற்கும் இவ்வேர்ச்சொல் இடந்தரும். குதிரை, மது பற்றிய தொகைகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே அடிக்குறிப்பே வழி.

வினா வெறும் சொல்விளையாட்டன்று என்பதற்குப் பிளேட்டோவின் பிற நூல்களே சான்று. சிம்போசியத்தில் தியோதிமா, எரோஸை அன்பு செய்யப்படும் பொருளாகக் கருதியதே சாக்ரடீஸின் பிழை என்றும், அது அன்பு செய்வதன் பக்கமே உள்ளது என்றும் திருத்துகிறாள். 'ஃபைட்ரஸி'ல் நேசிக்கப்படும் இளைஞனிடத்தும் எதிரன்பு, 'அன்டெரோஸ்', தோன்றுகிறது. அவனோ அதனை எரோஸ் என்னாது ஃபிலியா என்கிறான். செய்வோன், செய்யப்படுவோன் என்னும் வேறுபாடே மூன்றிடத்தும் சிக்கலாகிறது.

அரிஸ்டாட்டில் 'நிக்கோமக்கிய அறவிய'லின் எட்டாம் நூலில் மதுவைப் பற்றிய அதே எடுத்துக்காட்டை மீண்டும் எடுக்கிறார். உயிரற்றவற்றின்பால் உள்ளது 'ஃபிலேசிஸ்'. ஃபிலியாவிற்கு எதிரன்பும், ஒருவர் நலத்தை மற்றவர் நாடுவதை இருவரும் அறிந்திருத்தலும் வேண்டும் என வரையறுக்கிறார். 'நண்பன்' என்னும் பெயர்ப்பு இவ்வரையறையைத்தான் லைசிஸுக்குள் முன்கூட்டியே புகுத்துகிறது. மெனெக்செனஸ் திணறுவது ஏன் என்பது தமிழ் வாசகருக்கு அதன்பின் விளங்க வழியில்லை.