கடமை யாருக்கு? டேவிட் மெக்பிரைடு வழக்கும் பொதுநலத் தற்காப்பும்

ஆய்வுச்சுருக்கம்
ஆப்கானிஸ்தான் போர் தொடர்பான இராணுவ ஆவணங்களை ஊடகத்திற்கு அளித்த ஆஸ்திரேலியப் படைத்துறை வழக்குரைஞர் டேவிட் மெக்பிரைடு 2024இல் சிறைத்தண்டனை பெற்றார். அவரது நோக்கம், அவர் கையாண்ட வழி, வெளிவந்த செய்தியின் மதிப்பு ஆகிய மூன்றும் தனித்தனியே எடைபோடப்பட வேண்டியவை. சட்டமும் ஆதரவாளர்களும் அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தவறினர் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: போர்க்குற்றம், படைத்துறை இரகசியம், பொதுநலத் தற்காப்பு, ஆஸ்திரேலியா, ஆப்கானிஸ்தான்

முன்னுரை
கட்டளைக்குக் கீழ்ப்படிதல் படைவீரரின் முதற்கடமை என்பது பொதுவிதி. தம் படையினரே குற்றம் புரிந்ததை அறிந்தவர் என்ன செய்ய வேண்டும் என்ற வினாவுக்கு அவ்விதியில் விடை இல்லை. மை லாய் படுகொலை பற்றித் தாம் கேட்டறிந்தவற்றை 1969இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதிய முன்னாள் படைவீரர் ரான் ரைடன்ஹவர் வழக்கிற்கு ஆளாகவில்லை. இரகசிய ஆவணங்களை விக்கிலீக்ஸுக்கு அளித்த செல்சி மானிங்கோ 2013இல் 35 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2017இல் அது குறைக்கப்பட்டது. இவ்வரிசையில் மெக்பிரைடு வழக்கு தனித்து நிற்கிறது. அதில் வெளியிட்டவரின் நோக்கமும் வெளியீட்டின் பயனும் ஒன்றல்ல.

வழக்கின் போக்கு
ஆப்கானிஸ்தானில் 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் பணியாற்றிய மெக்பிரைடு, பின்னர் 235 ஆவணங்களைப் பணியிடத்திலிருந்து எடுத்துச் சென்றார். அவற்றுள் 207 ‘இரகசியம்’ என வகைப்படுத்தப்பட்டவை. அவற்றின் அடிப்படையில் ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகம் 2017 ஜூலையில் ‘ஆப்கான் கோப்புகள்’ என்னும் தொடர்செய்தியை வெளியிட்டது. 2019 ஜூனில் அந்நிறுவனத்தின் சிட்னி அலுவலகத்தைக் காவல்துறை சோதனையிட்டது. 2020 நவம்பரில் வெளிவந்த பிரெரட்டன் அறிக்கை, ஆஸ்திரேலியச் சிறப்புப் படையினரால் 39 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டமைக்கு நம்பத்தகுந்த தகவல் உள்ளதென்றது. அவ்விசாரணை 2016இலேயே தொடங்கியது என்பதால், அதனை மெக்பிரைடின் செயலுக்கு விளைவாகக் கொள்ள இயலாது. எனினும், அவர் அளித்த ஆவணங்கள் எத்தகைய நிகழ்வுகளைப் பற்றியவை என்பதை அது காட்டுகிறது.

2024 மே மாதம் அவருக்கு 5 ஆண்டு 8 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அக்கொலைகளுக்காக அன்றுவரை எந்தப் படைவீரரும் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை.

கடமை என்னும் சொல்லின் எல்லை
படைவீரராக எடுத்த உறுதிமொழி நாட்டுமக்களின் நலனையும் உள்ளடக்கியது என்பது மெக்பிரைடு தரப்பின் வாதம். சட்டப்படியான கட்டளையை மீறிப் பொதுநலன் கருதிச் செயற்படும் உரிமை அவரது கடமைக்குள் அடங்காது என நீதிபதி டேவிட் மொசோப் 2023 நவம்பரில் முடிவு செய்தார். பொதுநல வெளிப்படுத்தல் சட்டத்தின்கீழ் அமைந்த தற்காப்போ முந்தைய ஆண்டிலேயே கைவிடப்பட்டது; வல்லுநர் சாட்சியம் தேசப் பாதுகாப்பைப் பாதிக்கும் என அரசு எதிர்த்தமையே அதற்குக் காரணம். இரு வழியும் அடைபட்ட நிலையில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நடுவர் குழுவின் முன் பொதுநலன் பற்றிய வினா எழவே இல்லை.

இதே செய்திக்காக விசாரிக்கப்பட்ட செய்தியாளர் டேன் ஓக்ஸின் நிலையை ஒப்பிடுதல் தகும். அவரைக் குற்றவாளியெனத் தீர்ப்பதற்கு வாய்ப்பு இருந்தபோதிலும், வழக்குத் தொடர்வது பொதுநலனுக்கு உகந்ததன்று என அரசு வழக்குத்தொடர் துறை 2020 அக்டோபரில் முடிவு செய்தது. பொதுநலனை எடைபோட வழக்குத் தொடுப்போருக்கு இயலும், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு இயலாது. பொதுநலன் உரிமையாக அன்றி அரசின் சலுகையாகவே எஞ்சுகிறது.

நோக்கமும் பயனும்
போர்க்குற்றங்களை அம்பலப்படுத்தவே மெக்பிரைடு முனைந்தார் என ஆதரவாளர் பலர் சித்திரித்தனர். வழக்கின் ஆவணங்கள் வேறு காட்டுகின்றன. படைத்தலைமை தன் நற்பெயருக்காகச் சிறப்புப் படையினரை அளவுக்கு மீறி விசாரிக்கிறது என்பதே அவரது முதன்மையான மனக்குறை. செய்தியாளர் அதே ஆவணங்களில் கண்டதோ, ஆயுதமற்றோரும் சிறுவரும் கொல்லப்பட்டமை பற்றிய பதிவுகள். இவ்வுண்மையை மறைத்து அவரைக் காவியத் தலைவனாக்குவது அவருக்கே கேடாகிறது. நோக்கம் ஐயத்திற்கு உள்ளாகும்போது, வெளிவந்த செய்தியும் உடன் மதிப்பிழக்கிறது. கொல்லப்பட்டோரின் குடும்பத்தாருக்கு ஆவணத்தைத் தந்தவரின் மனநிலை பொருட்டன்று. அதில் உள்ளது மெய்யா என்பதே பொருட்டு.

தேசப் பாதுகாப்பும் தகவல் உரிமையும் குறித்த 2013ஆம் ஆண்டின் த்ஷ்வானே நெறிகள் இக்கருத்தை ஏற்கின்றன. பொய்யெனத் தெரிந்தே வெளியிட்டாலொழிய, வெளியிட்டவரின் நோக்கம் அவரது பாதுகாப்பைப் பாதிக்கலாகாது என்பது அவற்றின் நிலைப்பாடு. கனடாவின் தகவல் பாதுகாப்புச் சட்டம், குறுகிய எல்லைக்குள்ளேனும், வெளிப்படுத்தலின் நன்மையையும் தீமையையும் நீதிமன்றம் எடைபோட இடமளிக்கிறது.

முடிவுரை
படைத்துறைக்கு இரகசியம் தேவை என்பதும், ஆவணங்களை வீட்டில் வைத்திருந்தது ஆபத்தான செயல் என்பதும் மறுக்கத்தக்கவை அல்ல. அவை வழியைப் பற்றிய குறைகள். தண்டனையின் அளவில் இடம்பெறத் தக்கவை. செய்தியின் மதிப்பு அதற்கு முன்பே, குற்றமா அன்றா என்னும் நிலையிலேயே, கேட்கப்பட வேண்டும். மெக்பிரைடு விடுவிக்கப்பட்டிருப்பாரா என்பது உறுதியில்லை. ஆயினும், அவ்வினாவைக் கேட்க மறுத்த சட்டம், கொலைகளைப் பற்றிய ஆவணத்தைக் களவுபோன உடைமையாக மட்டுமே கண்டது. அதனைத் திருத்துவது நீதிமன்றத்தின் பணியன்று, நாடாளுமன்றத்தின் பணி.