பெயரை விட்டு நாலெல்லைக்கு: மாம்புரியில் வேர் தேடுவது எப்படி

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகிறவர்களுக்கு மாம்புரி என்றால் காற்றாலைகள்தாம். கொஞ்சம் முன்னால் நுரைச்சோலை அனல்மின் நிலையம், கொஞ்சம் தள்ளித் தலவில் அன்னம்மாள் கோயில், கடைசியில் டொல்பின் பார்க்கும் படகுகள். இடையில் இருக்கும் ஊரை யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை. அங்கே பிறந்த இளையவர்களிடம் "பாட்டனின் தகப்பன் எந்த ஊர்?" என்று கேட்டாலும், "அதையெல்லாம் இப்ப ஆர் தேடுறது?" என்பதே பதில். ஊர் வரலாறு ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பொழுதுபோக்கு, வம்சம் தேடுவது முதலியார் குடும்பங்களின் ஆசை என்றொரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. எரிச்சலூட்டும் நினைப்பு இது. மீன்வாடியில் பிறந்தவருக்கும் வெங்காயத் தோட்டத்தில் வளர்ந்தவருக்கும் இந்தத் தேடலில் கிடைக்கும் சுவை, பட்டம் பதவி சுமந்த குடும்பங்களுக்குக்கூடக் கிடைப்பதில்லை.

அடிப்படைகளைச் சட்டென்று சொல்லிவிடலாம். முதலில் வீட்டு மூத்தவர்களிடம் பேச்சு, பிறகு பெட்டிக்குள் கிடக்கும் கடதாசிகள். இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1867இலேயே சட்டம் வந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழில் தாய் தகப்பன் பிறந்த இடம் இருக்கும், பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருக்கும் ஒரு கூடு இருக்கும். கத்தோலிக்கருக்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு உண்டு, அதில் ஞானத்தாய் தகப்பன் பெயர்களைத் தவறவிடக் கூடாது. முஸ்லிம்களுக்கு நிக்காஹ் பதிவு, அதில் பெண்ணின் வலியாக (பாதுகாவலராக) நின்றவர் பெயர் முக்கியம். புத்தளம் 1845 முதல் வடமேல் மாகாணத்தில் இருப்பதால் கச்சேரிப் பத்திரங்களை அந்த மாகாணத்தின் கீழ் தேட வேண்டும். கொழும்பு 7இலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒல்லாந்தர் காலத்துக் கட்டுகளும் இருக்கின்றன. கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட இலங்கை கெசட்டியரை ஒருமுறையாவது புரட்ட வேண்டும். அடிப்படை இவ்வளவுதான்.

இனித்தான் விஷயம். வேர் தேடுவோரில் இரண்டு வகை உண்டு. ஒரு சாரார் பெயரைத் துரத்துகிறார்கள், மற்றவர்கள் எல்லையைப் படிக்கிறார்கள். முதல் சாரார் இந்தக் கரையில் சீக்கிரமே முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பக்கத்துக்குப் பக்கம் பெர்னாண்டோதான், அதில் தம்முடையவர் யார் என்று எப்படிப் பிரிப்பது? முஸ்லிம் குடும்பங்களிலோ தகப்பன் பெயர் முன்னால் வருவதால் தலைமுறைக்குத் தலைமுறை முன்பெயர் மாறிக்கொண்டே போகும். நீர்கொழும்பிலிருந்து வடக்கே நீளும் இந்தக் கரையில் தமிழ் பேசிய குடும்பங்கள் பல, சில தலைமுறைகளுக்குள் சிங்களம் பேசுபவையாயின. பாட்டன் தமிழில் கையெழுத்திட்ட காணிக்குப் பேரன் சிங்களத்தில் கையெழுத்திட்டிருப்பான். பெயர் மாறியிருக்கும், எழுத்து மாறியிருக்கும், வளவு மட்டும் அதே இடத்தில் கிடக்கும்.

ஆகவே காணி உறுதியை எடுக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம், காணி கைமாறுவதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிருக்க வேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டின் இன்னொரு சட்டம், பயிரிடாமல் ஆளில்லாமல் கிடந்த நிலத்தை முடிக்குரியதாகவே கொள்ளலாம் என்றது. அதற்குப் பிறகு, தன் மண் தன்னுடையதுதான் என்று காட்ட மணற்கரைக் குடியானவனுக்கும் கடதாசி தேவைப்பட்டது. உறுதியின் முதற்பக்கத்தில் விற்றவர், வாங்கியவர், விலை எல்லாம் இருக்கும். பெயர் துரத்துகிறவர் அதோடு மூடி வைத்துவிடுவார். ஊரின் உயிர் இருப்பது கடைசியில் வரும் அட்டவணையில். வடக்கே இன்னார் பெண்சாதியின் காணி, கிழக்கே ஒழுங்கை, தெற்கே பொதுக்கிணறு, மேற்கே கடற்கரை என்று நாலெல்லையும் அங்கேதான் வரிசையாக வரும்.

அந்த வளவின் அடுத்த உறுதியையும் அதற்கடுத்ததையும் அருகருகே வைத்துப் படித்தால் சுவை புரியும். வடக்கெல்லையில் இருந்த பெண்ணின் காணி மூன்றாகப் பிரிந்திருந்தால் மகள்மாருக்குச் சீதனம் போயிருக்கலாம். பொதுக்கிணறு தனியார் கிணறானது எப்போது? ஒழுங்கை தெருவானது எந்த உறுதியில்? மேற்கே கடற்கரை இருந்த இடத்தில் அரச காணி என்று வந்தால், இடையில் நில அளவையாளர் வந்துபோயிருக்கிறார். எல்லையில் நிற்கிறவர்கள் வெறும் அயலவர்களல்லர். பெரும்பாலும் அண்ணன், மச்சான், மாமன். சாட்சிக் கையெழுத்துகளையும் கூட வைத்துப் பார்த்தால், பெயர்ப் பட்டியல் தராத உறவுமுறை நாலெல்லையில் கிடைக்கும்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே 1538இல் கோயில் பதிவேடுகள் தொடங்கின. வேர் தேடும் ஆங்கிலேயர் பலர் அந்தப் பெயர்களோடு திருப்திப்பட்டுப் போனார்கள். 1836க்குப் பின் தசமபாக வரிக்காக வரைந்த படங்களில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் சொந்தக்காரர் யார், குடியிருப்பவர் யார் என்று தனித்தனியே குறித்தார்கள். அவற்றைப் படிக்கக் கற்ற பிறகே அங்கு கிராம வரலாறு ருசித்தது. மாம்புரிக்கு அந்த வேலையைச் செய்வது நாலெல்லை.

மேலோட்டமானவை எவை என்பதையும் சொல்லியாக வேண்டும். புத்தளத்தைப் பற்றி எழுத உட்காரும் பலர் 1344இல் வந்த இப்னு பதூதாவில் தொடங்கி, கற்பிட்டி ஒல்லாந்தர் கோட்டையில் முடித்துவிடுகிறார்கள். இடையிலுள்ள ஒரு குடியிருப்பும் அவர்கள் கண்ணில் படாது. முக்குவர் போரைச் சொல்லும் 'முக்கர ஹட்டன' ஏட்டைக் காட்டித் தம் முன்னோர் எல்லோரையும் போர்வீரராக்கும் சாதி வரலாற்று நூல்கள் அதைவிட மோசம். கடலில் உழைத்த பாட்டனை அவை அழித்துவிட்டு, வாளேந்திய ஒருவரை அந்த இடத்தில் நிறுத்துகின்றன. எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பினால் பூர்வீகம் சதவீதத்தில் வரும் என்பது இப்போதைய மோகம். அந்தச் சதவீதத்தில் எந்தக் கிணற்றடியும் இல்லை.

எல்லோரிடமும் பழைய உறுதி இருக்காது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில்தான் அடைக்கலம் தேடினார்கள். அவர்களுடைய நாலெல்லை மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறது. உறுதி தொலைந்திருந்தாலும் அந்தந்த மாவட்டக் காணிப் பதிவகத்தில் தேடலாம். அரச அனுமதிப்பத்திரக் காணியானால் பிரதேச செயலகத்தில் கோப்பு இருக்கும். பொதுத் தேவைக்கு எடுத்த காணியானால் 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் அறிவித்தல் வந்திருக்கும். வர்த்தமானியை வரலாறாகப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

பழகியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சங்கதி ஒன்றும் இருக்கிறது. போன உடனே "உறுதியைக் காட்டுங்கள்" என்று கேட்டால் எந்த வீட்டிலும் கதவு சாத்துவார்கள். வழக்குப் போட வந்தவர் என்றே நினைப்பார்கள். முதலில் தன் வீட்டு உறுதியை விரித்துக் காட்ட வேண்டும். கிணற்றைப் பற்றிக் கேட்க வேண்டும், யார் வெட்டியது, யார் யார் தண்ணீர் அள்ளினார்கள் என்று. காணியின் விலை மட்டும் வாயில் வரவே கூடாது. அம்மம்மாமாரிடம் கேட்பது இன்னும் நல்லது, எந்த வேலி எந்தக் கல்யாணத்தில் பிரிந்தது என்று அவர்களுக்கு அத்துப்படி. தோதான காலம் தலவில் ஆகஸ்ட் திருவிழா. தூர ஊர்களுக்குப் பிரிந்து போன சொந்தங்கள் அப்போது அங்கே கூடாரமடித்துத் தங்குவார்கள். சாப்பாட்டுக்குப் பின் எல்லைப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் முறையைப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம். திருவிழா முடிந்த கையோடு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு புத்தளம் காணிப் பதிவகத்துக்குப் போய், அயற்காணிகளின் பதிவேட்டுப் பிரதிகளுக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.