கண்டக்டர் ஏன் கத்துகிறார்?

தமிழ் சினிமா டாக்டரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிவப்பு விளக்கு அணையும். கதவைத் தள்ளிக்கொண்டு வருவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். "எங்களால முடிஞ்சதைச் செஞ்சுட்டோம், இனிமே எல்லாம் ஆண்டவன் கையில" என்பார். இதைச் சொல்வதற்கா அவர் அஞ்சரை வருஷம் படித்தார்? போலீஸ் கடைசி ரீலில்தான் வரும். வக்கீல் "அப்ஜெக்ஷன் மை லார்ட்" என்று மேஜையைத் தட்டுவார். கணக்குப்பிள்ளை முதலாளிக்குக் குடை பிடிப்பார். (நான் பி.காம். என்பதால் கடைசி ஆசாமி மீது மட்டும் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பரிதாபம்.)

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால், நிஜ ஆஸ்பத்திரியில் நோயாளி இறந்துபோனால் சொந்தக்காரர்கள் கண்ணாடியை உடைக்கிறார்கள், பயிற்சி டாக்டரை அடிக்கிறார்கள். அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-ல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. திரையில் கடவுளாகவோ கொள்ளைக்காரராகவோ மட்டுமே டாக்டரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, முப்பது மணி நேரம் தூங்காமல் டியூட்டி பார்க்கும் இருபத்து மூன்று வயதுப் பையனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரிவதில்லை.

சினிமாவை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததை வைத்தே நாமும் ஆட்களை முடிவு செய்துவிடுகிறோம். "வாத்தியாருக்கு என்னப்பா, பாதி வருஷம் லீவு." "கண்டக்டர்னாலே சிடுமூஞ்சிதான்."

அந்தக் கண்டக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் மெஷின் வருவதற்கு முந்தைய காலம். விலைவாரியாக டிக்கெட் கட்டுகள், தோளில் பை, காதிடுக்கில் பேனா. ஒவ்வொரு ஸ்டேஜ் வரும்போதும், அதுவரை ஏறிய அத்தனை பேருக்கும் டிக்கெட் போட்டு, ஒவ்வொரு கட்டிலும் எந்த நம்பர்வரை கிழித்தோம் என்பதை வேபில்லில் எழுதி ஸ்டேஜை க்ளோஸ் பண்ண வேண்டும். அறுபது பேர் தொங்குகிற வண்டியில். திடீரென்று செக்கிங் ஏறி, டிக்கெட் இல்லாத ஒருவரைப் பிடித்தால், அவர் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மெமோ கண்டக்டருக்கு! ராத்திரி டிப்போவில் பணம் எண்ணும்போது ஐம்பது ரூபாய் குறைந்தால் சொந்தப் பணம்தான். இப்போது மறுபடி கேட்டுப் பாருங்கள், "டிக்கெட்... டிக்கெட்... உள்ள தள்ளிப் போங்கய்யா" என்கிற அந்தக் கத்தலை. கோபமாகவா கேட்கிறது? எனக்குப் பயமாகக் கேட்கிறது.

பயணிக்கு இது தெரிய வாய்ப்பில்லை. உள்ளே இருப்பவர்தான் எழுத வேண்டும். கண்மணி குணசேகரன் எழுதினார். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்தவர் அவர். அவருடைய 'நெடுஞ்சாலை' நாவல் டிப்போ ஆட்களைப் பற்றியது: வேலை எப்போது நிரந்தரமாகும் என்று காத்துக் கிடக்கிற டிரைவர், கண்டக்டர், மெக்கானிக். விருத்தாசலம் பக்கத்துப் பேச்சு முதல் இருபது பக்கத்துக்கு நகரத்து வாசகரைக் கொஞ்சம் தடுக்கி விடும். (நடுநாட்டுச் சொற்களுக்கென்று தனி அகராதியே தொகுத்தவர், விடுவாரா?) பொறுத்துக்கொண்டு படியுங்கள். ஒரு பஸ் ஓடுவதற்குப் பின்னால் எத்தனை பேருடைய பயம் ஓடுகிறது என்று தெரியும். இதை நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்து எழுத முடியாது.

இப்படி உள்ளிருந்து எழுதுகிறவர்கள் ஏன் குறைவு? எழுதத் தெரியாததாலா? நான் அப்படி நினைக்கவில்லை. 1964-ஆம் வருடத்து மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் ஒன்பதாவது விதியைப் படித்துப் பாருங்கள். அரசின் சமீபத்திய கொள்கையையோ நடவடிக்கையையோ குறை சொல்வதாகப்படும் எதையும் ஊழியர் வெளியிடக்கூடாது. சொந்தப் பெயரில் கூடாது, பெயர் போடாமல் கூடாது, புனைபெயரில் கூடாது, அடுத்தவர் பெயரிலும் கூடாது. மச்சான் பெயரில் எழுதித் தப்பிக்கலாம் என்று நினைப்பவரைக்கூட முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்கள்! கருத்து மட்டுமில்லை, தகவலும் இதில் அடக்கம். சொன்னது உண்மைதானே என்று வாதாடுவது அங்கே அதிகம் செல்லாது. சங்க நிர்வாகிகளுக்கு மட்டும் ஒரு சின்ன விலக்கு உண்டு. தனியார் கம்பெனியில் இவ்வளவு விளக்கமாகச் சொல்லமாட்டார்கள். மறுநாள் காலை உங்கள் அடையாள அட்டை கதவைத் திறக்காது, அவ்வளவுதான்.

அதனால்தான் நம் ஊரில் வேலையைப் பற்றிய உண்மை பெரும்பாலும் கதை வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. கதை என்றால் கெடுபிடி குறைவு. மேலதிகாரிக்கு அது தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்தாலும், வெளியே சொல்லிக்கொள்ள முடியாது.

அசோகமித்திரன் இந்த விஷயத்தில் பெரிய கில்லாடி. 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தார். என்ன வேலை? செய்தித்தாள்களில் வந்த சமாசாரங்களைக் கத்தரித்துக் கோப்பில் வைப்பது. அறையைக் கடந்து போகிறவர்கள், நாளெல்லாம் பேப்பர் கிழிக்கிற இந்த ஆளுக்கு வேலையே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தார்கள். பார்த்தீர்களா, அவர் மேலேயே ஒரு முத்திரை! பின்னாளில் ஆங்கிலத்தில் எழுதிய ஜெமினி நினைவுகளில் இதையும் சொல்லிச் சிரிக்கிறார். (சி.பி.எஸ்.இ. பிளஸ் டூ படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் கேளுங்கள், அதில் ஒரு பகுதி பாடமாக வந்தது.)

வேலையை விட்ட பிறகு அவர் எழுதிய நாவல் 'கரைந்த நிழல்கள்'. சினிமா உலகம் என்றதும் நீங்கள் எதிர்பார்க்கிற குடி, கூத்து, கிசுகிசு ஆகியவற்றை அதில் தேடாதீர்கள். புரொடக்ஷன் மேனேஜர் ஒருவர் அவுட்டோர் ஷூட்டிங்குக்கு ஆட்களைத் திரட்டுவதில் ஆரம்பிக்கிறது. வண்டி வந்ததா, டிபன் வந்ததா, யார் இன்னும் வரவில்லை. படம் பாதியில் நிற்கிறது. அதோடு சேர்ந்து பலருடைய சாப்பாடும் நிற்கிறது. அசோகமித்திரன் யாரையும் வில்லனாக்கவில்லை, யாருக்காகவும் மூக்கைச் சிந்தவும் இல்லை. டிபன் கணக்கு எழுதுகிற குரலிலேயே ஒரு மனிதன் சரிவதையும் எழுதிவிடுகிறார். சினிமாவைப் பற்றி வந்த கிசுகிசுப் பத்திகள் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. இந்தப் புத்தகம் அரை நூற்றாண்டு தாண்டியும் அச்சில் வருகிறது.

இரா.முருகனின் 'மூன்று விரல்' சாஃப்ட்வேர்காரர்களுக்கு இதே போன்ற ஒரு வேலையைச் செய்தது. கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால் மூன்று சாவிகளைச் சேர்த்து அழுத்துவோமே, அதுதான் தலைப்பு. ஐ.டி. என்றால் ஏ.சி., டாலர், வார இறுதிக் கும்மாளம் என்று மற்றவர்கள் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, அந்தத் துறைக்குள்ளேயே இருந்த ஒருவர் டெட்லைனை எழுதினார்.

இதற்கு நேர்மாறான ஒரு ரகமும் உண்டு. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரிகளின் சுயசரிதை. பென்ஷன் உறுதியான பிறகு வருவது. இலாகாவில் எல்லாரும் கை நீட்டுவார்கள், ஆசிரியர் ஒருவர் மட்டும் நீட்ட மாட்டார். மந்திரி மிரட்டுவார், ஆசிரியர் நிமிர்ந்து பதில் சொல்வார். முந்நூறு பக்கத்தில் ஒரு நாள்கூட அவர் கோப்பைத் தள்ளிப் போட்டிருக்க மாட்டார், மேலிடத்துக்குப் பயந்து ஒரு கையெழுத்துகூடப் போட்டிருக்க மாட்டார். சினிமா போலீஸுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? சட்டையில் மடிப்புக் கலையாத இன்னொரு கதாநாயகன். நான் இந்தப் புத்தகங்களில் முதலில் தேடுவது அவருடைய டிரைவரையும் டைப்பிஸ்டையும்தான். பெரும்பாலும் அவர்களுக்குப் பெயரே இருக்காது.

பத்திரிகைக்காரர்கள் நாங்கள் மட்டும் என்ன கிழித்தோம் என்று கேட்பீர்கள். சினிமாவில் எங்களுக்கு ஜிப்பா, ஜோல்னாப் பை, கேமரா. நிஜத்தில் தாலுகா நிருபர் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வெளியான செய்திக்கு இத்தனை என்று கணக்கு. அதே ஆள் பொங்கல் மலருக்கு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். காலையில் எந்த ஜவுளிக்கடை முதலாளியிடம் விளம்பரம் கேட்டாரோ, சாயங்காலம் அதே கடை வாசல் சாக்கடையைப் பற்றிச் செய்தி அனுப்ப வேண்டும். எதை அனுப்புவார், எதை விடுவார்? ஊழலை எழுதத் தெரிந்த நாங்கள் இதை எழுதக் கூச்சப்படுகிறோம்.

எனக்கு இன்னொரு ஆசையும் உண்டு. என்னோடு பி.காம். படித்த பலர் சி.ஏ. பக்கம் போனார்கள். ஆடிட்டர் என்றால் வரி கட்டாமல் தப்பிக்க வழி சொல்பவர் என்பது நம் எண்ணம். மார்ச் 31-ஆம் தேதி ராத்திரி, ஏதோ ஒரு கோடவுனில் ஏணி மேல் நின்றுகொண்டு, தூசிக்குத் தும்மியபடி சோப்புப் பெட்டிகளை எண்ணுகிற ஆர்ட்டிகிள் கிளார்க்கை யார் பார்த்தார்கள்? நாற்பது பெட்டி குறைகிறது. கோடவுன் மேனேஜர் டீ வாங்கித் தருகிறார், பன்னும் வாங்கித் தருகிறார், "தம்பி, அந்த மூலையில எண்ணினீங்களா?" என்கிறார். அந்த மூலையில் ஒன்றுமே இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பையன் அன்றைக்கு என்ன எண்ணிக்கை எழுதினான் என்று யாராவது ஒளிக்காமல் நாவல் எழுதட்டும். முதல் பிரதிக்கு இப்போதே பணம் கட்டி வைக்கிறேன். ரசீது வேண்டும்.