பத்தொன்பது வயது மூப்பர்

'ஹெரெடிக்' (2024) பார்த்த நண்பர்கள் எல்லாரும் ஹியூ கிராண்ட் பற்றியே பேசினார்கள். மதங்கள் ஒன்றையொன்று நகலெடுத்தவை என்று அவர் செய்யும் நீளமான வாதம், அந்த இருண்ட வீடு, புளூபெரி வாசனை. எனக்குப் பிடித்ததோ வீட்டுக்குள் நுழைவதற்கு முந்திய சில நிமிடங்கள். இரண்டு மோர்மன் ஊழியப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து கண்டதையும் பேசுகிறார்கள். பிறகு ஒரு வீட்டு வாசலில் நின்று, உள்ளே பெண் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறார்கள். அது அவர்கள் மீற முடியாத விதி. அதற்கப்புறம் அவர்கள் வெறும் இரை. யார் பிழைப்பார் என்பதே கேள்வியாகிவிடுகிறது. நடித்த சோஃபி தாட்சர், குளோயி ஈஸ்ட் இருவருமே மோர்மன் குடும்பத்தில் வளர்ந்தவர்கள். அதனால்தானோ என்னவோ, அந்த முதல் சில நிமிடங்களில் அத்தனை உண்மை.

அந்த வாழ்க்கையை முழுசாகக் காட்டிய படம் ஒன்று அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது: ரிச்சர்ட் டட்சர் எழுதி, இயக்கி, நடித்த 'காட்ஸ் ஆர்மி' (2000). சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்து, 25 லட்சத்துக்கு மேல் வசூலித்த படம். மோர்மன்கள் தங்களைப் பற்றித் தாங்களே எடுத்துக்கொண்ட வணிகப் படங்களின் வரிசை இதில்தான் தொடங்கியது என்பார்கள்.

சிங்கப்பூரில் எம்ஆர்டி பக்கம் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர் அட்டை, எப்போதும் இரண்டு பேர். அட்டையில் 'எல்டர்' என்றிருக்கும். தமிழ்க் கிறிஸ்தவர்கள் மூப்பர் என்று சொல்லும் அதே பதவிப் பெயர். தாங்கி நிற்பவனுக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்காது. 2012 வரை ஆண்களுக்குக் குறைந்தபட்ச வயது 19, பிறகு 18. ஆண்கள் இரண்டு வருடம், பெண்கள் ஒன்றரை வருடம். சம்பளம் கிடையாது; பெரும்பாலும் குடும்பம்தான் மாதாமாதம் பணம் கட்டுகிறது. விடிகாலை எழுந்து வேதம் படித்து, நாள் முழுக்கத் தெருவில் நின்று, பத்தரைக்குள் படுக்க வேண்டும். துணி துவைக்க, கடிதம் எழுத வாரத்தில் ஒரு நாள். 2019 வரை வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வருடத்தில் இரண்டே நாள்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி, துணையை விட்டுப் பிரியக்கூடாது என்பது. துணையைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் அல்ல, மேலிடம். பிடிக்கிறதோ இல்லையோ, கழிவறை தவிர எங்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். முன்பின் பார்க்காமல் கட்டிவைத்த கல்யாணம் மாதிரிதான், சில மாதங்களில் மாற்றிவிடுவார்கள் என்பது மட்டும் வித்தியாசம்.

டட்சருக்கு இந்த விதியின் அருமை தெரிந்திருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் வந்திறங்கும் 19 வயது எல்டர் ஆலனுக்குத் துணையாக வாய்ப்பவர் 29 வயது எல்டர் டால்டன். வயதால் எல்லாரும் அவரை 'பாப்ஸ்' என்கிறார்கள், அதாவது நைனா. மூளையில் கட்டி வளர்ந்துகொண்டிருக்கிறது. தெருவில் நடப்பதை அவர் நிறுத்துவதாயில்லை. ஆலனுக்கு நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறதா என்பது அவனுக்கே தெரியாது. படத்தின் முதல் பாதி முழுக்க முகத்தில் அறைந்து சாத்தப்படும் கதவுகள். இடையிடையே வீட்டுக்குள் பையன்கள் பண்ணும் அசட்டுக் குறும்புகள். கழிவறையில் உட்கார்ந்திருப்பவனைப் படம் பிடிப்பதுகூட உண்டு. பக்தர்கள் சிலர் முகம் சுளித்தார்களாம். எனக்கு அந்தக் குறும்புகள் தேவையாகவே பட்டன. ஆன்மிக வளர்ச்சி என்றால் தியானமும் ஒளியும் என்றே நம் எழுத்தில் படித்துப் பழகிவிட்டோம். இங்கே அது காலில் கொப்புளம், அடுத்தவன் குறட்டை, நாற்பதாவது கதவு.

ஒரு விஷயத்தைப் படம் அவசரமாகக் கடந்துவிடுகிறது. எல்டர் பேங்க்ஸ் கறுப்பினத்தவன். ஆப்பிரிக்க வழி வந்த ஆண்களுக்கு 1978 வரை குருத்துவம் மறுத்த சபையில் நீ எப்படி இருக்கிறாய் என்று கறுப்பினத்தவர்களே அவனைக் கேட்கிறார்கள். கேள்வி கூர்மையானது. பேங்க்ஸ் பதில் சொல்லிவிட்டு நகர்கிறான், கதையும் கூடவே நகர்ந்துவிடுகிறது. அந்தப் பதிலோடு அவன் அன்று இரவு எப்படித் தூங்கினான்? அதைப் பார்க்கத்தான் நான் காத்திருந்தேன்.

படத்தின் உச்சமாக டட்சர் நினைப்பது ஓர் அற்புதத்தை. புதிதாக ஞானஸ்நானம் பெற்ற பென்னிக்கு ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறார்கள், நடந்துவிடுகிறான். அட, இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. ஒன்றரை மணி நேரம் மெல்ல மெல்லச் சேர்த்ததை இரண்டு நிமிடத்தில் செலவழித்துவிட்டார். அற்புதம் நடக்குமா நடக்காதா என்பது என் பிரச்சினை இல்லை. நடந்துவிட்டால் ஆலன் நம்புவதற்கு என்ன தைரியம் வேண்டியிருக்கிறது? கண்ணால் பார்த்தாயிற்றே.

எனக்கு உச்சம் கினகர்தான். அதே வீட்டில் தங்கியிருக்கும் இன்னொரு எல்டர். சபையை விமர்சிக்கும் புத்தகங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறான். ஒரு கட்டத்தில் நம்பிக்கை அற்றுப்போய்க் கிளம்பிவிடுகிறான். டால்டன் தடுக்கப் பார்க்கிறார், பலிக்கவில்லை. பென்னியை எழுந்து நடக்க வைத்த படத்துக்குக் கினகரைத் திருப்பி அழைத்துவர முடியவில்லை. அவனை வில்லனாக்கவும் மனம் வரவில்லை. பிரச்சாரப் படமாக இருந்தால் கினகர் அழுதுகொண்டே திரும்பி வந்திருப்பான்.

ஐந்து வருடம் கழித்து எடுத்த 'ஸ்டேட்ஸ் ஆஃப் கிரேஸ்' (2005) இந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது. வீதியில் விழுந்து கிடக்கும் ஒரு போதகரை இரண்டு எல்டர்கள் விதியை மீறித் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவனான ஃபாரெல் ஒரு பெண்ணோடு ஓர் இரவைக் கழித்துவிடுகிறான். வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். மானம் போய் வருவதைவிடப் பிணமாக வரலாம் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த பையன், மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். இந்தப் பேச்சு எந்த மதத்துப் பேச்சு என்று நம் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் வரும் கிறிஸ்துமஸ் காட்சி கொஞ்சம் ஓவர்தான். ஆனாலும் இதில் யாரும் எழுந்து நடப்பதில்லை. விழுந்தவன் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

2007இல் டட்சர் சபையை விட்டு விலகினார். இரண்டு படங்களும் அவர் உள்ளே இருந்தபோது எடுத்தவை. இது தெரிந்த பிறகு 'காட்ஸ் ஆர்மி'யை இன்னொரு தடவை பார்த்தேன். டால்டனாக நடிப்பது டட்சரே. ஆக, போகாதே என்று கினகரைக் கெஞ்சித் தடுப்பதும் அவர்தான்; கினகர் பேசும் வசனங்களை எழுதியதும் அவர்தான். இந்த முறை என்னால் டால்டனைப் பார்க்க முடியவில்லை, கினகர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.