புதுப்புனல் விழாவும் சித்திரைத் திருவிழாவும்

பரிபாடல் போற்றும் வையைப் புதுப்புனல் விழாவே இன்று மதுரையில் நிகழும் சித்திரைத் திருவிழாவாக வளர்ந்துளது என்பது பல்காற் கூறப்பெறும் கருத்தாகும். ஊர் ஒன்று, ஆறு ஒன்று, மக்கள் திரண்டு ஆற்றை நாடுதலும் ஒன்றே. ஆயினும், பாடல்களின் அகச்சான்று இக்கருத்திற்கு இடந்தருகின்றதா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பரிபாடல் எழுபதனுள் வையைக்கு உரியன இருபத்தாறு எனப் பழைய வெண்பா ஒன்று வரையறுக்கும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1918-இல் பதிப்பித்த நூலிலுள்ள 22 பாடல்களுள் 8 வையை பற்றியன. இவற்றில் விழாவைத் தொடங்கிவைப்பது ஆறே. ஆறாம் பாடலில் மலையில் மழை பொழிகின்றது, வெள்ளம் பெருகுகின்றது, செய்தி ஊருக்குள் பரவ, மக்கள் நீராட்டுக் கருவிகளுடன் கரைக்கு விரைகின்றனர். நாள் குறித்தார் எவருமிலர். பதினோராம் பாடல் கோள்நிலை கூறித் தொடங்குகின்றதே எனின், அது மழைப்பருவத்தை உணர்த்த வந்ததேயன்றி விழாநாளை வரையறுக்க வந்ததன்று. அப்பாடலிலேயே, கார் நீங்கியபின் மார்கழி ஆதிரையையொட்டிக் கன்னியர் ஆடும் தைந்நீராடல் தனியே பேசப்படுகின்றது. கலங்கிய புதுநீரும் தெளிந்த பனிநீரும் வேறு வேறு பருவத்தன என்பதில் நல்லந்துவனார் காட்டும் நுட்பம், பிற்காலத்து நம்மவரிடம் இல்லாமற்போனது வியப்பே.

சித்திரை விழாவின் நிலை வேறு. மாசியில் நிகழ்ந்த மீனாட்சியம்மை திருமணத்தைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றினார் என்பதும், தேனூருக்குச் சென்றுவந்த அழகர் அதன்பின் மதுரைக்கு எழுந்தருளலானார் என்பதும் வழிவழி வரும் செய்தி. வையையோ வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் நம்பிய ஆறு. சித்திரையில் அது மணற்பரப்பாகக் கிடத்தலே இயல்பு. 1959-இல் திறக்கப்பெற்ற வைகை அணையினின்று விழாவிற்கென நீர் விடப்பெறுதலை யாவரும் அறிவர். அன்று ஆறு ஊரை அழைத்தது; இன்று பஞ்சாங்கம் ஆற்றை அழைக்கின்றது.

நீர் பீய்ச்சுதலைத் தொடர்ச்சிக்குச் சான்றாகக் காட்டுவர். பரிபாடலில் சிவிறியும் கொம்பும் உண்மைதான். அழகர் விழாவில் தோற்பையும் உண்டு. எனினும் முன்னது காதலர் ஒருவர்மேல் ஒருவர் நீர் தூவும் விளையாட்டு; பின்னது கோடையில் இறைவனைக் குளிர்விக்க நேர்ந்துகொண்ட கடன். கருவி ஒத்தமை கொண்டு கருத்தும் ஒத்ததெனல் பொருந்தாது.

இதனினும் வலிய சான்று பதினைந்தாம் பாடலில் உளது. அழகர் உறையும் மாலிருங்குன்றத்தையே பாடுவது அது. சுற்றத்தோடு குன்றிற்குச் சென்று தொழுமாறு மக்களை ஏவுகின்றார் இளம்பெருவழுதியார். திருமால் வையைக்கு இறங்கி வருதலை அவர் குறித்திலர். வையைப் பாடல்களும் குறித்தில.

பருவம் பெயர்ந்த விழா பிற நாட்டிலும் உண்டு. சப்பானியர் 1873-இல் மேனாட்டு நாட்காட்டியை மேற்கொண்டனர். இரு விண்மீன்கள் வானியாற்றைக் கடந்து கூடுவதாகக் கருதும் தனபாத்தா விழா, அதனால் ஜூலை 7-ஆம் நாள், மழைமுகில் வானை மூடும் காலத்தில் விழுந்தது. செந்தாய் நகரத்தார் அதனை ஆகஸ்டு 6 முதல் 8 வரை கொண்டாடுகின்றனர். ஆயினும் ஐக்கூப் பாவலர்க்குரிய பருவச்சொல் தொகுதிகள் தனபாத்தாவை இன்றும் கூதிர்க்காலச் சொல்லாகவே வைத்துள்ளன. விழா இடம்பெயர்ந்தபோதும் பழம்பாட்டின் பருவத்தை அவர்கள் காத்தனர். நாமோ பாட்டின் பருவத்தையே விழாவிற்கேற்பத் திருத்திப் படிக்கின்றோம். அங்ஙனம் படிப்பார்க்கு, எதிர்பாராது வந்த வெள்ளத்தால் ஊர் கொள்ளும் பரபரப்பு, அதாவது வையைப் பாடல்களின் உயிர், புலப்படாது.

ஒப்பிடுவதாயின் இசைமரபை ஒப்பிடலாம். பரிபாடல்களின் கீழ் இசை வகுத்தோர் பெயரும் பண்ணும் குறிக்கப்பெற்றுள்ளன. அழகர் விழாவில் வர்ணிப்புப் பாடல்கள் பாடப்பெறுகின்றன. தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' (1989) அம்மரபை ஆராய்வார்க்கு நல்ல தொடக்கம். ஆங்கும் வேறுபாடு உண்டு. பன்னிரண்டாம் பாடலில் நல்வழுதியார் கரையில் நின்று கூட்டத்தின் பேச்சைக் கேட்கின்றார். எல்லாவற்றையும் கேட்க வல்லார் யார் என வினவி, காதில் விழுந்த சிலவற்றை மட்டும் தருகின்றார். வர்ணிப்புப் பாடுவார் கண்ணோ பெரிதும் அழகர் வரும் வழியிலேயே நிற்கின்றது.